டாஃப்னிக்கு என்ன வேலை?

ஸ்கூபி டூ, நான்கு இளைஞர்களும் ஸ்கூபி என்கிற நாயும் சேர்ந்து பேய் வழக்குகளைத் துப்பறிகிற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர்; பேய் பெரும்பாலும் கடைசியில் முகமூடி போட்ட ஆளாக இருக்கும். 1969-இல் வந்த அதன் கதை எதையாவது எடுத்து, நால்வரில் ஒருத்தியான டாஃப்னி ப்ளேக்கை மட்டும் நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கதை நிற்காது, ஓடும். திட்டம் போட ஃப்ரெட் இருக்கிறான். மூளைக்கு வெல்மா. பயந்து ஓடவும், ஓடுகிற வழியில் சாண்ட்விச் தின்னவும் ஷாகியும் ஸ்கூபியும். இடிக்கிற இடம் ஒன்றுதான்: சும்மா சுவரில் சாய்ந்து ரகசியக் கதவைத் திறந்துவிட ஆள் இருக்காது.

அந்த ஒற்றை வேலையோடு தொடங்கியவள் பிறகு நிருபர் ஆனாள், தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினாள், அடிதடியில் இறங்கினாள், கைப்பையிலிருந்து கருவிகள் எடுத்தாள். கேட்டால் பலரும் சொல்வது, "காலம் மாறிப்போச்சு, பொண்ணுங்களைத் தைரியமா காட்ட ஆரம்பிச்சாங்க" என்பதுதான். அது பாதிதான் சரி. தொடரை ஆண்டு வரிசையில் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கூட்டத்தில் நாற்காலி காலியான போதெல்லாம் டாஃப்னி வளர்ந்திருக்கிறாள். போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் சுருங்கியிருக்கிறாள். அவளுக்கு எழுதப்பட்ட குணங்களைவிட, அவள் கையில் விழுந்த வேலைதான் அவளை மாற்றியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் நம் மலையில் போடப்படும் நாடகங்கள். கோத்தகிரியோ குன்னூரோ கூடலூரோ, பள்ளி ஆண்டு விழாவிலும் கோடை முகாமிலும் மர்ம நாடகம் என்றால் அச்சு ஏற்கெனவே தயார்: பனி, வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா, ஐந்து பிள்ளைகள், ஒரு பேய். அதில் முடி நீளமாக இருக்கிற பிள்ளைக்கு நல்ல கவுன் ஒன்றைப் போட்டுவிட்டு, "ஐயோ, அங்கே பாருங்க!" என்று ஒரே வசனத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஸ்கூபி டூவை எழுதியவர்களே பல வருஷம் தடுமாறிய இடம் அது. அவர்கள் எப்படித் தடுமாறினார்கள், எங்கே எழுந்தார்கள் என்று தெரிந்தால் நம் ஆட்களுக்குக் கொஞ்சம் வேலை மிச்சம்.

தொடரை உருவாக்கியவர்கள் ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ். ஹன்னா-பார்பெரா கார்ட்டூன் நிறுவனத்துக்காக எழுதியது. 1969 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் முதல் கதை வந்தது. நான்கு இளைஞர்களுக்கும் அச்சு, 1959 முதல் 1963 வரை அதே சிபிஎஸ்ஸில் ஓடிய டோபி கில்லிஸ் நகைச்சுவைத் தொடரின் பாத்திரங்கள். டாஃப்னிக்கு மூலம் அதில் வந்த தாலியா மெனிங்கர் என்கிற பெண். அழகி, பணத்தின் மேல் கண், நாயகன் ஏங்குவதற்கென்றே இருப்பவள். வெல்மாவுக்கு மூலமான ஸெல்டா கில்ராயோ புத்திசாலி, பிடிவாதக்காரி, நாயகனை விடாமல் துரத்துகிறவள். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஸெல்டாவை எந்தக் கதையில் கொண்டுபோய் வைத்தாலும் அவள் ஏதாவது செய்வாள். தாலியாவை ஒருவன் ஏங்க வேண்டும். குழந்தைகளுக்கான சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில் ஏக்கத்துக்கு இடமில்லை. ஏக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது கவுன்.

அந்தக் கவுனை வரைந்தவர் இவாவோ தகமோட்டோ. ஊதா உடை, இளஞ்சிவப்புக் காலுறை, கழுத்தில் பச்சைத் துணி, தலையில் பட்டை. பச்சைத் துணி அழகுக்கு மட்டும் இல்லை. ஹன்னா-பார்பெரா செலவைக் குறைக்க உடம்பை அசையாமல் வைத்து, தலையை மட்டும் தனித் தாளில் வரைந்து அசைப்பார்கள். கழுத்தில் ஏதாவது கட்டியிருந்தால் ஒட்டு தெரியாது. அதே நிறுவனத்தின் யோகி கரடி கார்ட்டூனில் கரடிக்குக் காலரும் டையும் அதற்குத்தான். ஸ்கூபி கூட்டத்திலும் ஃப்ரெட்டின் ஆரஞ்சுத் துணி, வெல்மாவின் உயர்கழுத்து ஸ்வெட்டர், நாயின் பட்டை என்று யாருக்கும் கழுத்தை வெறுமனே விடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஷாகி மட்டும் விதிவிலக்கு. பின்னணி ஓவியங்களுக்கு வால்ட் பெரிகாய். கருநீலமும் பாசிப்பச்சையும் கலந்து, ஓரங்கள் கரைந்து நிற்கும் அந்த வீடுகளைப் பார்த்தால் நவம்பர் மாத மாலையில் குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து மேலே ஏறுகிற சாலை மாதிரியே இருக்கும். நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர் சட்டென்று பிடித்துப்போவதில் அந்த நிறங்களுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

முதல் பருவத்தின் 17 கதைகளில் டாஃப்னிக்குக் குரல் ஸ்டெஃபானியானா கிறிஸ்டோஃபர்சன். 1970 முதல் ஹெதர் நார்த். "ஆபத்தைத் தேடிப் போகும் டாஃப்னி" என்று மற்றவர்களே அவளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எழுத்தாளர்கள் சோம்பேறிகள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 22 நிமிடக் கதையில் ஐந்து பேரையும் நகர்த்த வேண்டும். வண்டி பழுதாக வேண்டும், பேய் வர வேண்டும், பிரிந்து தேட வேண்டும், தடயம் மூன்று கிடைக்க வேண்டும், துரத்தல், பொறி, முகமூடி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவர் பொறுப்பு. முடிவெடுப்பது ஃப்ரெட், தடயத்தைப் படிப்பது வெல்மா, இரையாகப் போவது ஷாகியும் ஸ்கூபியும். எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகு வந்தவளுக்கு மிஞ்சியது தற்செயல் மட்டும். கதை தேங்கும் போது அவள் எதன் மேலாவது சாய்வாள், விழுவாள், காணாமல் போவாள். கதை நகரும். அதை நகர்த்த அவள் எதையும் முடிவு செய்திருக்க மாட்டாள்.

வெல்மாவுக்கும் ஒரு பலவீனம் கொடுத்தார்கள், கண்ணாடி தொலைவது. ஆனால் கண்ணாடி கிடைத்ததும் அவள் தன் வேலைக்குத் திரும்புவாள். டாஃப்னியைக் கட்டவிழ்த்துவிட்டால் திரும்பிப் போக வேலை இல்லை. வெல்மா இத்தனை வருஷத்தில் அதிகம் மாறாததற்கும் டாஃப்னி மாறிக்கொண்டே இருப்பதற்கும் அடிப்படை இங்கே இருக்கிறது.

எழுபதுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு மணி நேரக் கதைகள் வந்தன, பிரபலங்கள் விருந்தாளிகளாக வந்தார்கள், 1976-இல் தொடர் ஏபிசிக்கு இடம் மாறியது. டாஃப்னி அதே சுவரில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

1979-இல் தொடரே நிற்கிற நிலை. காப்பாற்ற ஸ்க்ராப்பி என்கிற குட்டி நாயைக் கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் இன்றுவரை அதைத் திட்டுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் டாஃப்னி விஷயத்தில் ஸ்க்ராப்பிக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். 1980-இல் ஃப்ரெட், வெல்மா, டாஃப்னி மூவரையும் வெளியே அனுப்பினார்கள். 1983-இல் மர்மக் கதைக்குத் திரும்ப நினைத்தபோது மூவரில் ஒருத்தியை மட்டும் அழைத்தார்கள், டாஃப்னியை. இப்போது கூட்டத்தில் இருப்பது ஷாகி, ஸ்கூபி, ஸ்க்ராப்பி. இரண்டு பேர் ஓடுகிறவர்கள், ஒருவன் "என்னை விடு, நான் அடிக்கிறேன்" என்று குதிக்கிற வாண்டு. வழக்கை யார் கொண்டுவருவது? தடயத்தை யார் சேர்ப்பது? வேறு வழியில்லாமல் அவள் பத்திரிகை நிருபர் ஆனாள். வேலை தேடிப் போவது அவள், விசாரிப்பது அவள், கடைசியில் விளக்குவதும் பெரும்பாலும் அவளே. அரை மணி நேரத்தில் 11 நிமிடக் கதைகள் இரண்டு என்பதால் சும்மா விழுந்து எழுந்திருக்க நேரமும் இல்லை. நீளம் குறைந்தால் உபரிப் பாத்திரம் இருக்க முடியாது. நாடகம் எழுதுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1985-இல் வந்த '13 பேய்கள்' தொடர் இன்னும் ஒரு படி. ஃப்ரெட்டும் வெல்மாவும் அதிலும் இல்லை. இமயமலைப் பக்கம் போய்ச் சேரும் கூட்டம் ஒரு பெட்டியைத் திறந்துவிட, 13 நிஜப் பேய்கள் வெளியே வந்துவிடும். பிடித்து அடைப்பது அவர்கள் பொறுப்பு. டாஃப்னி கவுனைக் கழற்றிவிட்டு ஊதா நிறத்தில் ஜம்ப்சூட் போட்டுக்கொண்டாள். உடையில் இது சின்ன மாற்றம், ஆனால் ஓடுகிற, ஏறுகிற ஆளுக்கான உடை. பொறுப்புள்ள பெரியவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான். தொடர் 13 அத்தியாயங்களோடு நின்றுபோனது, கடைசிப் பேய் பிடிபடவில்லை. அதைப் பிடிக்க 2019-இல் ஒரு தனிப் படம் எடுத்தார்கள்.

1988-இல் எல்லோரையும் சிறுவர்களாக்கி ஒரு தொடர் வந்தது. அதில் குட்டி டாஃப்னி பணக்கார வீட்டுப் பிள்ளை. எதற்கெடுத்தாலும் "ஜென்கின்ஸ்!" என்று வேலைக்காரரைக் கூப்பிடுவாள், பேய் என்று ஒன்று கிடையாது என்று அடித்துச் சொல்வாள், சொன்ன மறுநொடி பேய் வந்து நிற்கும். கேலிக்காகச் செய்ததுதான். ஆனால் முதல் முறையாக அவளுக்கென்று ஒரு கருத்து இருந்தது. கருத்து இருக்கிற பாத்திரத்தோடு மற்றவர்கள் வாதாட வேண்டி வரும், வசனம் தானாகவே வரும்.

இந்த வரிசையில் உச்சம் 1998-இல் வந்த 'ஸோம்பி ஐலண்ட்' படம். இயக்கம் ஜிம் ஸ்டென்ஸ்ட்ரம், வரைந்தது ஜப்பானின் மூக் ஸ்டுடியோ. கூட்டம் கலைந்து ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். வெல்மா மர்மப் புத்தகக் கடை வைத்திருக்கிறாள். டாஃப்னிக்குச் சொந்தமாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஃப்ரெட் அதில் அவளுக்குக் கேமராமேன். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே பழைய கணக்கு தலைகீழாகிவிட்டது. எங்கே போவது என்பதை முடிவு செய்கிறவள் அவள். ஏன் போக வேண்டும் என்பதற்கும் அவளிடம் காரணம் இருக்கிறது: இத்தனை வருஷம் முகமூடிக்காரர்களையே பிடித்து அலுத்துவிட்டது, ஒரு நிஜப் பேயையாவது காட்ட வேண்டும். அதனால்தான் லூசியானா சதுப்பு நிலத்துத் தீவுக்கு எல்லோரும் போகிறார்கள். அங்கே பேய்கள் நிஜம். அவள் ஆசைப்பட்டது கிடைக்கிறது, கிடைத்ததும் உயிர் பிழைக்க ஓட வேண்டியிருக்கிறது. 1969-இல் டாஃப்னியால் ஆபத்து வந்தது அவள் கவனக்குறைவால். இங்கே ஆபத்து வருவது அவள் ஆசையால். பாத்திர வளர்ச்சி என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். இதில் ஃப்ரெட்டும் வெல்மாவும் கூடவே இருக்கிறார்கள், இருந்தும் அவள் சுருங்கவில்லை. கதையைத் தொடங்கி வைக்கிற வேலை அவள் கையில் இருப்பதால், மற்றவர்கள் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றே நல்ல விதிவிலக்கு. இதில் டாஃப்னிக்குக் குரல் கொடுத்த மேரி கே பெர்க்மன் அடுத்த ஆண்டே இறந்துபோனார். 2001 முதல் பெரும்பாலும் கிரே டெலைல்தான்.

2002-இல் நிஜ மனிதர்கள் நடித்த படம் வந்தது. சாரா மிஷெல் கெல்லர் டாஃப்னி. எப்போது பார்த்தாலும் கடத்தப்படுகிறவள் என்கிற பேரைத் துடைக்க, பிரிவுக்குப் பிறகு சண்டை கற்றுக்கொண்டு வருகிறாள், இறுதியில் ஒரு முரட்டு வில்லனைத் தனியாக வீழ்த்துகிறாள். மக்களுக்கு டாஃப்னி மாறிவிட்டாள் என்று பதிந்தது இந்தப் படத்தால்தான். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. சண்டை தெரிந்தவளுக்கு அடிக்க ஆள் வரும் வரை கதையில் இடமில்லை. அந்த ஆண்டே தொடங்கிய புதிய தொலைக்காட்சித் தொடரில் கொண்டையூசியும் ஒப்பனைப் பெட்டியும் பூட்டுத் திறக்கிற, கயிறு அறுக்கிற கருவிகளாயின. அது சாமர்த்தியமான யோசனை, பழைய கேலியையே கருவியாக்கிக்கொண்டார்கள். ஆனாலும் கதவைத் திறப்பதே அவள் வேலையாக நீடித்தது. முன்பு தெரியாமல் திறந்தாள், இப்போது தெரிந்து திறக்கிறாள்.

2010 முதல் 2013 வரை 52 அத்தியாயங்கள் வந்த 'மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்' பற்றி ரசிகர்களுக்குள் சண்டையே நடக்கும். தொடர்கதையாக எழுதப்பட்டது, கிறிஸ்டல் கோவ் என்கிற ஒரே ஊர். டாஃப்னிக்கு வீடு, பெற்றோர், படிப்பிலும் பதவியிலும் சாதித்த நான்கு அக்காமார். வீட்டில் கடைக்குட்டி, எதிலும் போதாதவள். அவளுக்கு ஃப்ரெட் மேல் ஆசை. ஃப்ரெட்டுக்குப் பொறி வைப்பதைத் தவிர வேறெதிலும் ஆசையில்லை. முதல் பருவ முடிவில், தன் பெற்றோர் யாரென்கிற உண்மை தெரிந்ததும் அவன் நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொண்டு கிளம்பிவிடுவான். இரண்டாம் பருவத் தொடக்கத்தில் டாஃப்னியும் கூட்டத்தை விட்டு விலகி ஒரு நடிகனோடு சுற்றுகிறாள். அந்த இடைவெளியில் மார்சி என்கிற இன்னொரு புத்திசாலிப் பெண் கூட்டத்தில் அவள் இடத்துக்கு வருகிறாள்.

ஒரு பையனுக்காகக் காத்திருப்பதையே முதல் பருவம் முழுக்க அவள் வேலையாக்கிவிட்டார்கள் என்று குறை சொல்வோர் சொல்வது சரிதான். பலமுறை எரிச்சல் வரும். ஆனால் அவள் போனதும் அவள் இடம் வெற்றிடமாகத் தெரிந்தது, வேறொருத்தியைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டியிருந்தது. 1969-இன் டாஃப்னி போயிருந்தால் யாரும் ஆள் தேடியிருக்க மாட்டார்கள்.

2014-இல் வந்த 'ஃப்ராங்கன்க்ரீப்பி' படத்தை விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், விட முடியவில்லை. சாபத்தால் ஒவ்வொருவரும் தமக்கு மிகப் பிடித்ததை இழப்பார்கள். டாஃப்னி இழப்பது அவள் உடல் வாகை. உடை அளவு 2-இலிருந்து 8-க்குப் போய்விட்டதாம். அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர் போடுவது அதைவிடப் பெரிய அளவு. திரையில் வரைந்திருப்பதோ உப்பிய பந்து போன்ற உருவம். எல்லாம் ஒரு பாடத்துக்காகத்தான் என்று கதை முடிவில் சமாளித்தாலும், எழுத உட்கார்ந்தவர்களுக்கு டாஃப்னி என்றதும் முதலில் தோன்றியது இடுப்பளவு. வேலையைக் கொடுக்காமல் விட்டால் எத்தனை வருஷம் கழித்தும் பாத்திரம் கவுனுக்கே திரும்பிவிடும்.

அடுத்த ஆண்டே அதற்கு மருந்தும் வந்தது. 2015-இல் தொடங்கிய 'பீ கூல்' தொடரின் வரைபாணியை முதலில் பலருக்கும் பிடிக்கவில்லை. அதில் டாஃப்னிக்குக் கதைக்கு ஒரு கிறுக்கு. கைப்பொம்மைகளை வைத்துப் பேசுவாள், இன்னொரு கதையில் வேறெதிலாவது தலைகுப்புற விழுந்திருப்பாள். சண்டையோ அழகோ அங்கே பெரிய விஷயம் இல்லை. கதைக்குள் வரும்போதே அவள் கையில் பாதி முடிந்த காரியம் ஒன்று இருக்கும். பேய் வந்து அதைக் கெடுக்கும். சிரிக்க வைக்கிற டாஃப்னி என்பது 46 வருஷத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை. 2023-இல் வெல்மாவை மையமாக வைத்துப் பெரியவர்களுக்கென்று வந்த தொடரில் டாஃப்னி கிழக்காசியத் தோற்றம் கொண்டவள், தன்னைப் பெற்றவர்களைத் தேடுகிறவள். அந்தத் தொடரின் மற்றக் குறைகள் தனிக் கதை.

சரி, இதையெல்லாம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சோதிப்பது எப்படி? ஒரு கோடு போட்ட தாளில் ஐந்து பேர் பெயரை இடது பக்கம் எழுதுங்கள். மேலே ஏழு கட்டம்: உள்ளே போக முடிவெடுத்தது யார், தடயத்தைக் கண்டது யார், அதன் பொருளைச் சொன்னது யார், திட்டம் போட்டது யார், இரையாகப் போனது யார், மாட்டிக்கொண்டது யார், கடைசியில் விளக்கியது யார். நடக்க நடக்கக் கோடு போட வேண்டும். எட்டாவதாக 'தற்செயல்' என்று ஒரு கட்டம் அவசியம். இதை விட்டால் கணக்கு முழுக்கத் தப்பாகும். சுவரில் சாய்ந்து கதவு திறந்ததைப் பிள்ளைகள் 'தடயம் கண்டது' என்று போட்டுவிடுவார்கள், 1969-இன் டாஃப்னி பெரிய துப்பறிவாளி போலத் தெரிவாள். அவள் முடிவு செய்து செய்தாளா, அவளுக்கு நடந்ததா என்று ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கேளுங்கள். வசனத்தை எண்ணுவதும் வேண்டாம். "ஐயையோ" பத்து முறை வந்தாலும் கதை ஓர் அங்குலம் நகராது.

பார்க்க வேண்டியவை: 1969-இல் இரண்டு கதை, 1983-இன் குட்டிக் கதை இரண்டு, 1985-இல் ஒன்று, 1998 படம், 2002 தொடரில் ஒன்று, 2010 தொடரில் அடுத்தடுத்து இரண்டு, 2015-இல் ஒன்று. மொத்தம் நாலேகால் மணி நேரம் வரும். இரண்டு மாலைகளாகப் பிரித்து, முதல் நாளை 1985-இல் முடித்துவிட்டு மறுநாள் 1998 படத்தில் தொடங்குவது நல்லது. 1969-இன் இரண்டில் ஒன்று முதல் கதையாகவே இருக்கட்டும், ஓவியப் போலிகளை மறைக்க அருங்காட்சியகத்தில் கருப்புக் கவச வீரன் உலவுகிற கதை. மழைக்காலத்தில் வைத்தால் கூடலூர்ப் பக்கம் ஜூலையிலும் குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரிலும் மின்சாரத்தை நம்ப வேண்டாம். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பில் வந்த ப்ரொஜெக்டரைக் கூட்டம் நிறைந்த கதகதப்பான அறையில் வைத்ததும் போட்டால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் கீறல் விழும். அரை மணி நேரம் சும்மா வைத்தால் தானே தெளியும். திரைக்குக் கட்டுகிற வெள்ளை வேட்டி பனியில் ஈரமாகித் தொய்யும். அடியில் ஒரு பிவிசி குழாயைச் செருகித் தைத்துவிட்டால் விறைப்பாக நிற்கும்.

இனி நம் நாடகத்துக்கு வருவோம். மேடையில் 20 நிமிடம் என்றால் கையெழுத்தில் பத்துப் பக்கத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. இடம் தேர்வதில் பலர் தவறுவது மலை ரயில் சுரங்கத்தில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 16 சுரங்கம் இருப்பதால் எழுதும்போது கை தானாகப் போகும். மேடையில் சுரங்கத்தைக் காட்ட இருட்டாக்க வேண்டும், இருட்டானால் முகம் தெரியாது, முகம் தெரியாவிட்டால் யார் என்ன செய்தார்கள் என்பதே தெரியாது. பங்களாவை விட நான் சொல்வது தேயிலை பேக்டரி. இரண்டு மேசை, நான்கு சாக்கு, ஒரு தராசு போதும்.

பேயைத் தேர்வதிலும் ஒரு எச்சரிக்கை. குறும்பர் பழங்குடியினர் மந்திரம் வைத்தார்கள் என்கிற பழைய பேச்சை எடுத்துக் கதையில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பேச்சை நம்பி இந்த மலையிலேயே குறும்பர்களைக் கொன்றிருக்கிறார்கள். அரங்கில் அந்தப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைக்காரத் துரை பேய் இருக்கவே இருக்கிறது, அவரால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

துரை பேய் எதற்கு உலவுகிறது? ராத்திரியில் பேக்டரிப் பக்கம் யாரும் வராமல் இருக்க. கழிவுத் தேயிலையைக் கொண்டுவந்து நல்ல தூளோடு கலக்கிறார்கள். இதற்குத் தடயம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். 4,500 கிலோ கொழுந்து வந்த நாளில் 1,000 கிலோ தூள் போயிருக்க வேண்டும், லாரியில் போனதோ 1,400 கிலோ. இந்த வகுத்தலை வெல்மா மாதிரிப் பாத்திரம் போடட்டும், கலை என்று பெயர் வைப்போம். எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள், நந்தினி என்கிற நம் டாஃப்னி பக்கத்தில் நின்று "அடடா" என்பாள். அங்கேதான் கோட்டை விடுவது. கணக்கைக் கேட்டதும் பேக்டரி ஆள், "மழை நாள் பாப்பா, முன்னே பின்னே இருக்கும்" என்று மழுப்பட்டும். கலைக்குப் பதில் தெரியாது. கொழுந்து எடுக்கிறவர்களோடு முதல் காட்சியிலேயே பேசியிருக்கிற நந்தினிக்குத் தெரியும்.

"அக்கா, மழையில எடுத்த கொழுந்து எடை கூட நிக்குமா?"

"நிக்கும் கண்ணு. ஆனா அது தண்ணி எடை. ஈரத்துக்குன்னு கழிச்சுத்தான் எங்களுக்கு எழுதுவாங்க."

"அப்போ தூள்?"

"தூள் எங்கிருந்து கூடும்? கொறையத்தான் செய்யும்."

இந்த நாலு வரியை முதல் காட்சியில் அரட்டை போல வைத்துவிட வேண்டும், தடயம் என்று யாருக்கும் தோன்றக் கூடாது. ஆட்களோடு பழகத் தெரிந்தவள் என்கிற ஒரு குணம், கடைசியில் வழக்கை முடிக்கிற வேலையாக மாறுகிறது. கவுனைக் கழற்ற வேண்டியதுகூட இல்லை. அலங்காரம் பிடித்த பிள்ளை அலங்காரத்தோடேயே இருக்கட்டும், டிசம்பர் குளிரில் மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் சரி.

அவளுக்குச் சண்டைக் காட்சி வைக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். மரப்பலகை மேடையில் உதை விடுகிற காட்சிக்கு ஒத்திகை நேரம் முழுக்கப் போய்விடும், வசனம் மறந்துபோகும். கடத்தப்படுகிற காட்சி வேண்டுமானால் ஒன்று வைக்கலாம். அவள் கட்டுண்டு கிடக்கும் இடத்திலிருந்து பார்வையாளர்களுக்கு அவள் ஏதாவது செய்துகொண்டிருப்பது தெரிய வேண்டும்: சாக்கைக் கிள்ளித் தூளை முகர்வது, லாரி எண்ணை மனப்பாடம் செய்வது. கண்ணை மூடிக்கொண்டு கத்துவது மட்டும் என்றால் வெட்டிவிடுங்கள்.

முகமூடி கழற்றும் கடைசிக் காட்சியில் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கணக்கை கலை சொல்ல, மழைச் சமாதானத்தை நந்தினி உடைக்க, அந்த வரி முடிந்ததும் அவளே துரையின் முகத்தை இழுக்கட்டும். முகமூடிக்கு ரப்பர் வேண்டாம், குளிரில் இறுகிக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். குரங்குக் குல்லாயின் மேல் அட்டை முகத்தைத் தைத்து, பின்னந்தலையில் கிழித்து ஒரு விரல் அகலத்துக்கு வெல்க்ரோ வையுங்கள். நீளமான வெல்க்ரோ வைத்தால் இழுக்கும்போது துரையும் சேர்ந்தே வருவார்.